களியும் சோறும்: கோலார் தங்கவயலில் சுவை வேறுபாட்டின் சொல்வரலாறு

1. முன்னுரை

ஒருவர் விரும்பி உண்ணும் உணவை மற்றொருவர் வெறுப்பது எங்கும் காணப்படும் செய்தி. இவ்வேறுபாட்டை நாவின் இயல்பு என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். ஆயின், ஒரே நிலத்தில் ஒரே தானியத்தை ஒரு கூட்டத்தார் பெருமையாகவும் அண்டையிலிருந்து வந்து குடியேறிய மற்றொரு கூட்டத்தார் இழிவாகவும் கருதும்போது, நாவின் இயல்பு மட்டும் விடையாகாது. அங்கு வரலாறும் மொழியும் துணைக்கு அழைக்கப்பட வேண்டியவை ஆகின்றன.

உணவை மறுக்கும்போது தமிழர் மூன்று சொற்களை ஆள்வர். 'எனக்கு ஆகாது' என்பது உடல் ஏற்காமையைக் குறிக்கும். 'எனக்குப் பிடிக்காது' என்பது மனம் கொள்ளாமையைக் குறிக்கும். 'நாங்கள் உண்ணக் கூடாது' என்பது குழுவின் விலக்கைக் குறிக்கும். முதலிரண்டும் பெரும்பாலும் ஒருமையிலும் மூன்றாவது பன்மையிலும் அமைதல் கருதத்தக்கது. உடல், பழக்கம், சமூகம் என்னும் மூன்று நிலைகளை மொழியே இவ்வாறு பிரித்துக் காட்டுகிறது. இம்மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு, கோலார் தங்கவயலில் வாழ்ந்த தமிழரிடையே களியும் சோறும் பெற்ற மதிப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இடமும் மக்களும்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள நிலையங்களுள் ஒன்று கோரமண்டல். 'சோழமண்டலம்' என்னும் தமிழ்த்தொடர் ஐரோப்பியர் நாவில் 'கோரமண்டல்' எனத் திரிந்து முதலில் கீழைக் கடற்கரைக்குப் பெயராயிற்று. பின்னர்ச் சுரங்க நிறுவனம் ஒன்றின் பெயராயிற்று. இறுதியில் கடலே காணாத மேட்டுநிலக் குடியிருப்பு ஒன்றின் பெயராகத் தமிழர் வழக்கிற்கே திரும்பிற்று. சொல் திரிந்து திரும்பிய இவ்வரலாற்றில் அங்குக் குடியேறிய மக்களின் வரலாறும் ஓரளவு அடங்கியுள்ளது.

1880இல் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டு, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனத்தாரின் மேலாண்மையின்கீழ் வந்தது. 1894இல் இருப்புப்பாதை அமைந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்தது. தொழிலாளருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்தும், 1911இல் தனி மாவட்டமாக அமைந்த சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. கார்ன்வாலிலிருந்து வந்த ஆங்கிலச் சுரங்கத் தொழிலர், இத்தாலியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரும் அங்கு வாழ்ந்தனர். சுற்றிலும் இருந்த சிற்றூர்களில் கன்னடமும் தெலுங்கும் பேசும் உழவர்கள் இருந்தனர்.

தமிழ்த் தொழிலாளர் விட்டுவந்த ஊர்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பெரும்பஞ்சம் தாக்கிற்று. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆடவருக்கு உரிய உணவளவை நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியம் என்னும் நிலைக்குக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். உழைப்பவனுக்கு எவ்வளவு தானியம் போதும் என்பதே அரசின் வாதப்பொருளாக இருந்த காலம் அது. பஞ்சம் இல்லாத காலத்திலும் பண்ணையாள்கள் கேழ்வரகு, கம்பு போன்ற தானியங்களையே கூலியாகப் பெற்றனர். சமைத்த கூழும் கூலியின் பகுதியாயிற்று. நெற்சோறு பெரும்பாலும் திருநாளுக்கு உரியது. சுரங்கத்தில் கிடைத்த கூலியோ காசு. காசு கையில் வந்தபோது எதை வாங்குவது என்னும் தெரிவும் முதன்முறையாக வந்தது.

3. ஆகாது: உடலின் பங்கு

சுவை வேறுபாட்டில் உடலுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அமெரிக்க வேதியியலர் ஆர்தர் ஃபாக்ஸ் 1931இல் ஒரு வேதிப்பொருளைக் கையாண்டபோது, அதன் தூள் சிலருக்கு மிகக் கைப்பதையும் சிலருக்குச் சுவையே தோன்றாமையையும் கண்டார். இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமான மரபணு 2003இல் இனங்காணப்பட்டது. முட்டைக்கோசு இனக் காய்களின் கைப்பை ஒருவர் மிகுதியாகவும் மற்றொருவர் குறைவாகவும் உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர் கூறும் அறுசுவையுள் ஒன்றாகிய கார்ப்பு, உடலியல் நோக்கில் நாவின் சுவை மொட்டுகள் உணரும் சுவையன்று. வெப்பத்தையும் எரிவையும் உணரும் நரம்பு வாயில்களே அதனை அறிகின்றன. அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எரிவு என்னும் துன்பத்தை விரும்பத்தக்க சுவையாக மாற்றிக்கொண்டது பழக்கமேயாகும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் வழியாக வந்தது. தமிழர் அதற்கு முன்னரே அறிந்த மிளகின் பெயரோடு 'காய்' சேர்த்து 'மிளகாய்' என்றனர். புதியதைப் பழையதன் பெயரால் அழைத்து ஏற்றுக்கொள்வது மொழியின் இயல்பு.

கேழ்வரகின் வரலாறும் இத்தகையதே. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் முதலில் பயிராக்கப்பட்டு இந்தியாவுக்கு வந்த தானியம் அது. 'கேழ்' என்பதற்கு நிறம் என்பது பொருள். எனவே 'கேழ்வரகு' என்பதை 'நிறமுடைய வரகு' என விளக்கலாம். முன்பே இருந்த வரகின் பெயரால் வந்த தானியம் வழங்கிற்று. வடதமிழகப் பேச்சில் அது 'கேவுரு' எனவும் தென்தமிழகத்தில் 'கேப்பை' எனவும், கன்னடத் தொடர்புடைய பகுதிகளில் 'ராகி' எனவும் வழங்கும். ஈழத்தில் அது 'குரக்கன்'. அதன் தாவரவியற் பெயரின் பிற்பகுதியாகிய 'கோரகானா' என்பதும் இலங்கை வழக்கான இச்சொல்லிலிருந்தே பெறப்பட்டது.

கேழ்வரகில் மிகுந்த கைப்போ புளிப்போ இல்லை. ஆகவே அதன்மீதான விருப்பு வெறுப்பை மரபணுவால் விளக்க இயலாது. மேலும், ஒரே குடும்பத்தில் தாய் விரும்பும் களியை மகன் வெறுப்பதும், பேத்தி மீண்டும் நாடுவதும் உண்டு. ஒரு தலைமுறையில் மாறுவதற்கு உடலியல் காரணமாதல் அரிது.

4. பிடிக்காது: பழக்கத்தின் பங்கு

கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிண்டி உருட்டிய உணவைத் தமிழர் 'களி' என்பர். கன்னடர் 'முத்தெ' என்பர். தெலுங்கர் 'சங்கடி' என்பர். கோலார்ப் பகுதியில் இம்மூன்று பெயர்களும் அருகருகே வழங்குகின்றன. கன்னட உழவர் இதனைக் கீரையும் பருப்பும் வெந்த நீரால் ஆக்கும் பஸ்ஸாறு, உப்புசாறு முதலியவற்றுடன் உண்பர். சிறு துண்டாகக் கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதே முறை. இம்முறை அறியாதவர் அதனை மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டும், வெறுப்பு உண்டாகும். அவ்வாறாயின் அவர் வெறுப்பது தானியத்தின் சுவையை அன்று. தமக்குக் கற்பிக்கப்படாத ஒரு வினையையே ஆகும்.

இவ்வினை மிக இளமையில் கற்கப்படுவது. ஜூலி மென்னெல்லாவும் உடனாய்வாளரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தின் இறுதியிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு அருந்திய தாயரின் குழந்தைகள், அச்சுவை கலந்த உணவைப் பின்னர் எளிதாக ஏற்றமை காட்டப்பட்டது. தாயின் உணவு குழந்தையின் முதற் பள்ளி எனலாம். வடஆர்க்காட்டுக் கூழும் களியும் தங்கவயலுக்கு வந்த முதல் தலைமுறையினருக்கு இத்தகைய பள்ளியாக இருந்தன. ஆகவே அவர்களுக்குக் களி பழகாத உணவன்று. பழகிய ஒன்றிலிருந்து விலக விரும்பியமைதான் இங்கு விளக்கம் வேண்டுவது.

5. மூன்று சொற்களின் வரலாறு

இவ்விளக்கத்தைச் 'சோறு', 'கூழ்', 'களி' என்னும் மூன்று சொற்களில் தேடலாம்.

சங்கப் பாடல்களில் வரகாலும் தினையாலும் ஆக்கிய உணவு விருந்தினர்க்கு இடும் உணவாகப் பெருமையுடன் பேசப்படுகிறது. பிற்காலத்தில் 'சோறு' என்பது அடையின்றி வரும்போது நெல்லரிசி உணவையே குறிக்கலாயிற்று. ஆயினும் புன்செய் நிலச் சிற்றூர்களில் 'நெல்லுச் சோறு' என்னும் தொடர் நெடுங்காலம் வழங்கிற்று. ஒரு பொருளைக் குறிக்க அடைமொழி தேவைப்படுமாயின் அப்பொருள் அன்றாடமானது அன்று என்பது மொழியியல் உண்மை. சோறு என்றாலே நெல் என்றிருந்தவர் வேறு; நெல்லுச் சோறு என்று சிறப்பித்துச் சொன்னவர் வேறு. தங்கவயலுக்கு வந்தவருள் பலர் இரண்டாம் வகையினர்.

'கூழ்' என்னும் சொல்லின் வீழ்ச்சி இன்னும் தெளிவானது. திருக்குறளில் அது உணவு என்னும் பொதுப்பொருளில் வருகிறது; அரசின் உறுப்புகளைக் கூறுமிடத்தில் உணவு வளம், செல்வம் என்னும் பொருளில் வருகிறது. படையோடும் குடியோடும் அமைச்சோடும் எண்ணப்பட்ட சொல், பின்னாளில் ஏழையின் கலயத்துக்கு உரியதாகக் குறுகியது. 'கூழானாலும் குளித்துக் குடி' என்னும் பழமொழியில் உள்ள 'ஆனாலும்' என்னும் இடைச்சொற்றொடரே கூழின் தாழ்நிலையை உணர்த்தப் போதுமானது. எனினும் வீழ்ச்சி முழுமையானது அன்று. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு வார்க்கப்படுவது கூழே. யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கு மாவுடன் மீனும் நண்டும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியற் கூழ் உறவினர் கூடி அருந்தும் விருந்தாகும். புலம்பெயர்ந்தோர் ஏங்கி நினைக்கும் உணவும் அதுவே.

'களி' என்பதும் இரு முகம் உடையது. மார்கழித் திருவாதிரையில் சிவனுக்குப் படைக்கப்படும் அரிசிக் களி தூயது. ஆனால் 'களி தின்னப் போகிறாய்' என்றால் சிறைக்குச் செல்வாய் என்பது பொருள். சென்னை மாகாணச் சிறைகளில் கேழ்வரகும் சோளமும் உணவாக வழங்கப்பட்டமையின் எச்சம் இம்மரபுத்தொடர். இதில் வரும் வினைச்சொல்லும் நோக்கத்தக்கது. உண்ணுதல், தின்னுதல், பருகுதல், நக்குதல் என உணவுக்குரிய வினைகளைத் தமிழ் இலக்கண மரபு வேறுபடுத்தும். பலவகை உணவுக்கும் பொதுவான சொல்லை ஒரு வினைக்கே உரிய சொல்லால் முடித்தல் ஆகாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் விதி. இன்றைய பேச்சு வழக்கில் சோற்றுக்குச் 'சாப்பிடுதல்' மதிப்புடைய வினை. சிறைக் களிக்குத் 'தின்னுதலே' உரியதாயிற்று. பெயர் தாழ்ந்தபோது வினையும் உடன் தாழ்ந்தது.

நிலத்தின் பெயரிலும் இம்மதிப்பீடு உண்டு. நெல் விளையும் நிலம் 'நன்செய்'. கேழ்வரகு விளையும் நிலம் 'புன்செய்'. 'புன்மை' என்பது இழிவையும் சிறுமையையும் உணர்த்தும் சொல். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் இவ்வகைத் தானியங்களைக் 'குதானியம்' என்னும் வகையுள் அடக்கிற்று. ஆங்கில ஆட்சியாளர் இவற்றைச் சொரசொரப்பான தானியங்கள் எனப் பொருள்படும் தொடரால் வகைப்படுத்தினர். மூன்று மொழிகளும் தானியத்தின் மதிப்பைச் சுவைத்துப் பார்க்கும் முன்னரே சொல்லிவிட்டன.

அண்டை மொழியாகிய கன்னடத்தில் நிலைமை வேறு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கனகதாசர் 'ராமதான்ய சரிதெ' என்னும் காவியத்தை இயற்றினார். அதில் நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் உயர்ந்தவர் என வழக்கிடுகின்றன. இராமன் இரண்டையும் ஆறு திங்கள் அடைத்துவைக்கிறான். நெல் கெடுகிறது, கேழ்வரகு கெடாமல் நிற்கிறது. இராகவன் பெயரே அதற்கு வழங்கப்படுகிறது. 'ராகி' என்பதற்குக் காவியம் தரும் இச்சொற்பிறப்பு மொழியியலுக்கு ஏற்புடையது அன்று. ஆயினும் காவியத்தின் அடிப்படை உழவியல் உண்மையே. கேழ்வரகைப் பூச்சி எளிதில் தாக்குவதில்லை. நிலத்தடிக் குழிகளில் பல ஆண்டுகள் சேமிக்கலாம். மழை பொய்க்கும் நாட்டில் அதுவே காப்பு. குலத்தால் தாழ்த்தி எண்ணப்பட்ட புலவர் ஒருவர் தாழ்த்தி எண்ணப்பட்ட தானியத்துக்காக வழக்குரைத்தார் எனவும் இக்காவியத்தை ஆய்வாளர் படித்துள்ளனர்.

ஆகவே கோலார் நிலத்தில் ஒரே உருண்டைக்கு இரு மதிப்பு இருந்தது. கன்னட உழவனுக்கு முத்தெ தன் நிலத்தின் விளைவு. தன் வலிமைக்குச் சான்று. தமிழ்த் தொழிலாளிக்குக் களி பண்ணையாரிடம் பெற்ற கூலியின் நினைவு. ஒருவன் தன் நிலத்தில் விளைத்து உண்டான். மற்றவன் பிறன் நிலத்தில் உழைத்துப் பெற்றான். தானியம் ஒன்றே, அது கைக்கு வந்த வழி வேறு.

6. சோற்றின் விலை

வெண்சோறு விடுதலையின் அடையாளமாயிற்று. ஆனால் அதற்கு விலையும் இருந்தது. குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் 1920களில் எலிகளைக் கொண்டு நடத்திய உணவாய்வுகளில், அரிசியை மிகுதியாகக் கொண்ட ஏழை உணவு வளர்ச்சிக்கும் உடல்நலத்துக்கும் போதாதெனத் தெரிந்தது. தீட்டிய அரிசியில் உயிர்ச்சத்துக் குறையும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு.

இதனை அறியாமையால் தொழிலாளர் அரிசியை நாடினர் என்பது பொருந்தாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அங்குப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தது. அத்தகைய உழைப்புக்குக் களி தாங்கும் என்பதை உழைப்பவரே நன்கறிவர். அவர்கள் வேண்டியது சத்து மட்டும் அன்று, மதிப்பும் ஆகும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அரிசி இறக்குமதி நின்று பங்கீட்டு முறை வந்தது. சோறு மீண்டும் அரிதாயிற்று. 1967இல் தமிழ்நாட்டுத் தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்னும் உறுதிமொழி மக்களை ஈர்த்ததற்கும் இவ்வேட்கையே அடிப்படை.

7. கூடாது: விலக்கின் பங்கு

உளவியலறிஞர் பால் ரோசின், சுவையின்மையையும் அருவருப்பையும் வேறுபடுத்துவார். கைப்பதை உமிழ்வது சுவையின்மை; நாவில் படுமுன்னரே, அஃது இன்னது என அறிந்த அளவில் விலகுவது அருவருப்பு. இரண்டாவது, கற்பிக்கப்பட்ட கருத்தைச் சார்ந்தது.

தங்கவயலில் மாட்டிறைச்சி இதற்குச் சான்று. ஒடுக்கப்பட்ட மக்களுள் பலருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் அஃது இயல்பான உணவு, பிறர்க்கோ விலக்கு. ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் மஞ்சள் தேங்காய்ச் சோற்றுடன் பரிமாறப்பட்ட கொத்திறைச்சி உருண்டைக் கறியை, அவ்வூரைச் சேர்ந்த சமையற்கலை எழுத்தாளர் பிரிட்ஜெட் ஒயிட்குமார் தம் நூல்களில் பதிவு செய்துள்ளார். ஆங்கிலேயர் மேசையில் அதே இறைச்சி உயர்வின் அடையாளம். தொழிலாளர் குடிசையில் தாழ்வின் காரணமாகக் காட்டப்பட்டது. இறைச்சி மாறவில்லை, உண்பவர் மாறியதால் மதிப்பு மாறிற்று. தீண்டாமையின் தோற்றத்தையே இவ்வுணவு விலக்கோடு தொடர்புபடுத்தி டாக்டர் அம்பேத்கர் 1948இல் நூல் எழுதினார். கர்நாடகத்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினும் கடுமையான கால்நடை வதைத் தடுப்புச் சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு சாராரின் 'கூடாது' சட்டத்தின் 'கூடாது' ஆகும்போது, மறுசாராரின் விருப்பு சுவை பற்றிய செய்தியாக மட்டும் நிற்பதில்லை.

8. பெயர் மாற்றமும் மதிப்பு மாற்றமும்

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடிப் பெங்களூருக்கு நாள்தோறும் இருப்புப்பாதை வழியாகச் சென்றுவருதல் பல குடும்பங்களின் வாழ்வாயிற்று. அதே காலத்தில் கேழ்வரகின் பெயரும் மாறத் தொடங்கிற்று. 2018 ஏப்ரலில் இந்திய அரசு, சொரசொரப்பான தானியம் என்னும் பழைய வகைப்பெயரை நீக்கி, 'ஊட்டத் தானியம்' எனப் பொருள்படும் புதுப்பெயரை அறிவித்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தமிழில் 'புன்செய்த் தானியம்' பின்தங்கிச் 'சிறுதானியம்' முன்வந்தது. ராகி தோசையும் ராகி மால்ட்டும் நகர உணவகங்களில் இடம்பெற்றன.

இவ்வுயர்வில் ஒரு முரண் உண்டு. களியை உண்டதற்காக ஏளனம் செய்யப்பட்ட மக்களின் பிள்ளைகள் அதனைக் கைவிட்ட பின்னர், அவ்வேளனத்தை அறியாதவர் அதனை நலவுணவாக விலைகொடுத்து வாங்குகின்றனர். கடைப்பலகைகளில் எழுதப்படுவது பெரும்பாலும் 'ராகி' என்பதே. 'கேவுரு' என்பது அன்று. மதிப்புப் பெற்றது தானியம். அதனை உண்டு வாழ்ந்தவரின் சொல் இன்னும் மதிப்புப் பெறவில்லை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன இவை. உடலின் 'ஆகாது' சில சுவைகளை மட்டுமே விளக்கும். 'பிடிக்காது' என்பதன் பின்னால் இளமைப் பழக்கமும் உண்ணும் முறையும் உள்ளன. 'கூடாது' என்பதன் பின்னால் சமூகப் படிநிலை உள்ளது. நாள்தோறும் கேட்கும் 'பிடிக்காது' என்னும் சொல்லுள் பல வேளைகளில் ஒரு 'கூடாது' மறைந்து நிற்கிறது. தங்கவயல் தமிழர் களியிலிருந்து விலகியமை நாவின் மாற்றத்தால் அன்று. பண்ணைக் கூலியிலிருந்தும் சிறைச் சொல்லிலிருந்தும் விலகியமையால்.

முதல் தலைமுறையினர் தம் ஊர்களிலிருந்து கொண்டுவந்த உணவுச் சொற்கள் கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவற்றின் சொற்களோடு கலந்து தங்கவயல் பேச்சில் வழங்கிவந்தன. சுரங்கம் மூடி மக்கள் சிதறிவரும் நிலையில் அச்சொற்களையும், அவற்றோடு இயைந்த விருப்பு வெறுப்புகளையும், முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் மொழியியலார் காலந்தாழ்த்தாது ஆற்றவேண்டிய பணியாகும்.